எண்பத்தேழில் ஒன்று

நவம்பர் 10

இன்று பொதுக்குழு. நான் கொண்டுபோன தீர்மானம் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். என் வீட்டுக்காரர் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

தீர்மானம் இதுதான். பொங்கல் விடுமுறையில் குட்டி ரயில்கள் செய்து ஓட்டுகிற எங்கள் கோவை மாதிரி ரயில் கழகம் நடத்தும் கண்காட்சியில், மேஜைமேல் ஓடுகிற எதுவும் இனிமேல் நம் நாட்டில் நிஜமாகவே ஓடிய ஒரு ரயிலின் மாதிரியாக இருக்க வேண்டும். அளவு, நிறம், எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பொம்மைக்கு இடமில்லை. செயலாளர் என்ற முறையில் நானே எழுதினேன், நானே வாசித்தேன்.

போன வருடம் நடந்ததை நான் மறக்கவில்லை. வருடக்கணக்கில் முதுகு ஒடிய உட்கார்ந்து கிணத்துக்கடவு ஸ்டேஷனைக் கட்டினேன். எங்கள் ஊர், மீட்டர் கேஜ் காலத்துக் கிணத்துக்கடவு. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருந்தால் என் மேஜையில் ஓர் அடி. ஓடுகளின் வரிசை, தண்ணீர்த் தொட்டியின் ஆணி, ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தொங்கும் காலண்டர் வரை அளவு பிசகாது. பம்பு கம்பெனியில் காலமெல்லாம் வரைபடம் போட்ட கை இது. பக்கத்து மேஜையில் இவர் தன் தகர ரயிலை விட்டார். ஒரு சாவி, நாலு சக்கரம், எந்த ரயில்வேயும் கனவில்கூட அடிக்காத கிளிப்பச்சை. கடகடவென்று வட்டமடித்தது. அவ்வளவுதான், என் மேஜையைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் அங்கே போய்விட்டது. ஓர் அம்மாள் தன் பெண்ணிடம், "இங்க ஒண்ணுமில்ல சாமி, அங்க பாரு ரயிலு ஓடுது" என்றாள். ஒன்றுமில்லையாம்.

அதற்காகத்தான் தீர்மானம் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். கழகத்தின் தரம் என்று ஒன்று இருக்கிறது.

தலைவர் திருஞானம் வாக்குக்கு விட்டார். கழகத்தில் பொம்மைக்காரர்கள் இரண்டே பேர். ஃப்ளோரா டீச்சர், அப்புறம் இவர். டீச்சர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். இவர் தூக்கினார். எதற்கு? என் தீர்மானத்துக்கு ஆதரவாக. தன் பச்சை எஞ்சினை வெளியே தள்ளுகிற தீர்மானத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு சாமி கும்பிடுகிறவர்போல உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மானம் போயிற்று.

வரும் வழியில் ஆட்டோவில் கேட்டேன். "எதுக்குங்க கை தூக்குனீங்க?"

"நீ எழுதுனதுக்கு நான் எப்படி அம்மிணி தூக்காம இருக்கறது?"

பழியை என் தலையில் போட்டுவிட்டு இவர் உத்தமர் ஆகிவிட்டார். ஆட்டோவுக்கும் இவர்தான் காரணம். வண்டி ஓட்டுவதை ஆடி மாதத்தோடு நிறுத்திவிட்டார். டிராபிக் ஜாஸ்தியாம்.

நவம்பர் 13

மாவு ஆட்டினேன். மின்சாரம் இரண்டு தடவை போனது. இவருக்குச் சொட்டு மருந்து காலை, மதியம், ராத்திரி. காப்பியை டம்ளரில் ஊற்றாமல் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றி வைத்திருக்கிறார். புது டம்ளர் சின்னதாக இருக்கிறது. கடைக்காரன் எதைக் கொடுத்தாலும் வாங்கி வருவது என் புத்தி.

நவம்பர் 18

ஃப்ளோரா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு இன்னும் கரும்பலகை முன்னால் நிற்பதுபோலத்தான். கண்காட்சி நடக்கிற அதே நாளில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பொம்மை ரயில்களை ஓட்டப்போகிறாராம்.

"அவிநாசியப்பன் சாரோட பச்சை இல்லாம எனக்கு ஓடாது. அவரையும் அனுப்பி வைங்க மரகதம் மேடம்" என்றார்.

"அவரு குழந்தையா, நான் அனுப்பி வைக்க?"

"நீங்க அளவு அளவுன்னு பேசறீங்க. உங்க தலைவர் அகல ரயில் பாதையைச் செய்யறார். நிஜப் பாதையை எண்பத்தேழால வகுத்தா பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல வரணும். அவர் போட்டிருக்கிற தண்டவாளம் கடையில விக்கிற பதினாறரை. அவரை மட்டும் யாரும் வெளிய போகச் சொல்லலையே."

இது எனக்குத் தெரியாததா? திருஞானம் சாரின் தண்டவாளம் ஒல்லி என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒவ்வொரு அளவுக்காரருக்கும் தெரியும். வெளிநாட்டுப் பாதைக்குச் செய்த தண்டவாளம்தான் கடையில் கிடைக்கிறது, அதன்மேல் நம் எஞ்சினை நிறுத்தி எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை விருந்தாளியாக வந்த இடத்தில் போட்டு உடைப்பதுதான் நாகரிகமா? என் பாதை மீட்டர் கேஜ். அதில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதைச் சொன்னேன்.

"அரை மில்லி பொய், பொய் இல்லையா?" என்று சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மடியில் பச்சை. சாப்பிட்டானதும் அதை மடியில் போட்டுக்கொண்டு பூனையைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே இருப்பது இப்போது புதுப் பழக்கம். ஆடியிலிருந்து.

டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் எல்லாம் அப்படியே இருக்கே சார்" என்றார் பெருமூச்சோடு. பொம்மைக்காரர்களின் பைத்தியம் இதுதான். கீறல் இருந்தால் கீறல், நசுங்கல் இருந்தால் நசுங்கல், தொடவே கூடாது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்டுமேல் ஒரு சொட்டு புதுப் பெயிண்ட் பட்டால் அந்தப் பொருள் செத்ததாம். நாங்கள் வாங்கின அன்றைக்கே தின்னரில் முக்கிச் சுரண்டிவிட்டுச் சரியான நிறத்தை அடிப்போம். பழைய பெயிண்டைக் கும்பிட்டுக்கொண்டிருக்க அது என்ன திருநீறா?

நவம்பர் 22

கண் ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கி மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஏதோ படம் வரைந்து காட்டினாள். படமே சரியில்லை, கண் வட்டமாகக்கூட இல்லை. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்றாள். பேசக் கற்றுக்கொடுக்காமலே இவர்களுக்குப் பட்டம் கொடுத்துவிடுகிறார்கள்.

வரும்போது ஆஸ்பத்திரிப் படியில் இவர் தடுக்கினார். படிக்கு ஒழுங்கான அளவே இல்லை. ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. கட்டினவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

நவம்பர் 24

யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 29

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இவர் மத்தியானம் தூங்கும்போது பச்சையை எடுத்து வெர்னியர் வைத்து அளந்தேன். சும்மா, எவ்வளவு மோசம் என்று பார்க்கத்தான்.

தண்டவாள அகலம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். நம் அகலப் பாதையை அதால் வகுத்தேன். ஐம்பத்திரண்டில் ஒன்று. அந்தக் கணக்கில் எஞ்சினின் நீளத்தைப் பெருக்கினேன். சர்க்கரை ஆலைகளில் கரும்பு வண்டி இழுத்துக்கொண்டிருந்த நாலு சக்கரக் குட்டி எஞ்சின் ஒன்றின் வரைபடம் என்னிடம் உண்டு. அதன் நீளத்துக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது. சக்கர இடைவெளியும் வருகிறது. புகைபோக்கி குட்டை, டிரைவர் அறை கொஞ்சம் தடி, அதையெல்லாம் சரி பண்ணலாம். திருஞானம் சாரின் எஞ்சினைவிட இது தன் தண்டவாளத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. யாருக்குத் தெரிந்தது இது?

பச்சையைச் சுரண்டி, கறுப்படித்து, ஆலை எண் போட்டால் என் தீர்மானத்தில் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் இவர் பழையபடி என் பக்கத்து மேஜைக்கு வந்துவிடலாம். பாவம் பார்த்து இல்லை. செயலாளரின் வீட்டுக்காரர் கார் ஷெட்டில் போய் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றுதான்.

இவரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

டிசம்பர் 3

இவரைக் காலையில் நடைக்கு அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் கூடப் போகிறார், நான் கேட்டுக்கொண்டதால் என்று இவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய அலுமினியச் சட்டியில் பெயிண்ட் ரிமூவர் ஊற்றிப் பச்சையை இறக்கினேன். பெயிண்ட் நுரைத்துச் சுருண்டு வந்தது. என்ன கெட்டி பெயிண்ட். இரண்டு தடவை முக்க வேண்டியிருந்தது. உள்ளே வெறும் தகரம், பிஸ்கட் டப்பா மாதிரி.

சாவியைப் பிடுங்கினேன். எந்த ரயில் எஞ்சினுக்கு விலாவில் சாவி இருக்கிறது? ஸ்பிரிங்கையும் பல்சக்கரங்களையும் கழற்றி, தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் மற்ற சாமான்களோடு போட்டாயிற்று. உள்ளே சின்ன மோட்டார் வைத்தேன். சத்தமே வராது.

டிசம்பர் 6

நசுங்கல்கள். எத்தனை நசுங்கல்கள் இந்தத் தகர டப்பாவில். கூரையின் இடது மூலையில் ஒரு குழி, மகள் தவழ்கிற வயதில் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டது. முன்பக்கம் ஒரு மடிப்பு, இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மேலே அட்டாலிப் பலகையிலிருந்து விழுந்தது. புகைபோக்கிக்குக் கீழே வரிவரியாகக் கீறல், அது இவர் வாங்கும்போதே இருந்ததாம். ஒவ்வொன்றுக்கும் இவர் ஒரு கதை சொல்வார், ஊரில் இருக்கிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. எல்லாக் குழிக்கும் பட்டி வைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தேன். இப்போது கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது.

இந்த வயதில் இவ்வளவு பொறுமையாக ஒரு மனைவி வேலை செய்வாளா என்று கேட்கிறேன்.

டிசம்பர் 9

மத்தியானம் இவர் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"பச்சை எங்க அம்மிணி?"

"சுத்தம் பண்ண எடுத்து வெச்சிருக்கறேனுங்க."

துழாவுவதை நிறுத்திக் கையை எடுத்தார். அப்புறம், "தண்ணி படாமப் பாத்துக்க" என்றார்.

அப்போது அது கறுப்படித்துக் காய்ந்துகொண்டிருந்தது. சரி என்றேன். வேறென்ன சொல்வது? அலமாரியில் இன்னும் எத்தனையோ ரயில்கள் இருக்கின்றன, தடவ வேண்டுமானால் அதில் ஒன்றை எடுத்துத் தடவட்டுமே. எடுக்கவில்லை. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ரேடியோவைப் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 14

மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். எடுத்தவுடனே, "அம்மா, அப்பாவுக்கு இப்ப எவ்வளவுதான் தெரியுதுன்னு நீங்க கேட்டீங்களா?"

"அதெல்லாம் நல்லாத் தெரியுது. நேராப் பாத்தாத் தெரியும். ஓரத்துலதான் கொஞ்சம் இருட்டு."

"அவரே சொன்னாரா?"

"கூட இருக்கற எனக்குத் தெரியாதா கண்ணு?"

"போன தடவை வந்தப்ப என் முகத்தைத் தொட்டுப் பாத்துட்டுத்தாம்மா பேசினார்."

பாசத்தில் அப்பா மகளின் கன்னத்தைத் தொட்டால் அதற்குக்கூட ஓர் ஆராய்ச்சி. சாப்பாடு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 21

சிவப்புக் கோடு போட்டேன். ஆலை எண் 2 என்று வெள்ளையில் எழுதினேன், ஒற்றை மயிர்த் தூரிகையால். சக்கரத்தடியில் எண்ணெய்க் கறை, கூரையில் கரி, தண்ணீர் வழிந்த சுண்ணாம்புத் தடம். முப்பது வருடம் ஆலையில் உழைத்த எஞ்சின் எப்படி இருக்குமோ அப்படி. நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான். எனக்குச் சொல்லிக்கொள்ளக் கூச்சம் எதற்கு?

டிசம்பர் 30

திருஞானம் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெர்னியரை எடுத்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார், என் வரைபடத்தோடு ஒப்பிட்டார். "இப்பதான் மேடம் இது ரயில்" என்றார். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அவிநாசியப்பன், மேஜை எண் ஐந்து. எனக்கு நாலு.

ஜனவரி 4

கொடுத்தேன்.

காலைப் பலகாரம் முடிந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். "கையை நீட்டுங்க" என்று சொல்லி இரண்டு கையிலும் வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை இவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு நின்றதுபோல நின்றேன்.

கையில் வாங்கியவர் முகத்தருகே கொண்டுபோனார். அப்புறம் இறக்கினார். கூரைமேல் விரலை ஓட்டினார், இடது மூலைக்குப் போனார், அங்கேயே நின்றார். திரும்ப வந்தார். விலாவில் சாவி இருந்த இடத்தைத் தடவினார். முன்பக்கம் தடவினார். புகைபோக்கிக்குக் கீழே தடவினார். மோட்டார் காயில் கட்டின கை அது, ரீவைண்டிங் கடையில் இருட்டிலேயே கம்பி எண்ணும் என்று பெருமையடித்துக்கொள்வார். அந்தக் கை எங்கே போவதென்று தெரியாமல் அலைந்தது.

அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "நல்லா இருக்குது. இது யாருது அம்மிணி?"

ஜனவரி 5

சமைக்கவில்லை. பழையது இருந்தது.

ஜனவரி 6

எழுதிவிடுகிறேன். இவருக்குக் கண் தெரியவில்லை. ஆடியிலிருந்தே தெரியவில்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழல் தெரிகிறது. மற்றதெல்லாம் கையால்தான். எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன அன்றைக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் இவருடைய கண்ணைப் பட்டி வைத்து அடைத்திருக்கிறேன்.

கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்று எழுதப்போவதில்லை.

ஜனவரி 8

இவர் திட்டினால் தேவலாம். திட்டவே மாட்டேன் என்கிறார். நேற்று நானே கேட்டேன்.

"என்மேல வெசனமா இருக்கறீங்களா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"நீ பண்ணுன வேலை சுத்தமா இருக்குது அம்மிணி. ஒரு பிசிறு இல்ல, எங்கயும் நிக்காம வெரலு வழுக்கீட்டுப் போகுது" என்றார்.

"ஸ்பிரிங்கைத் தேடிப் பாக்கட்டுங்களா? அந்த இரும்புக்காரரு உக்கடத்துலதான் குடோன் வெச்சிருக்கறாரு."

"வேண்டாம். அது போச்சு. போனதுன்னு சொன்னா எனக்கு ஏத்துக்க முடியும். திரும்ப வரும் வரும்னு சொன்னாத்தான் முடியலே."

எஞ்சினைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. இரும்புக் குடோனுக்குப் போனேன். மலைபோல் கிடக்கிறது. அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மாசத்துக்கு முந்துன சரக்கு எப்பவோ உருக்காலைக்குப் போயிருக்குமுங்க என்றார்.

ஜனவரி 16

கண்காட்சி முதல் நாள். நல்ல கூட்டம். மேஜை ஐந்தில் ஆலை எண் 2 சத்தமில்லாமல் ஓடியது, நான்தான் சுவிட்சைப் போட்டேன். பாராட்டாத ஆள் இல்லை. தகரப் பொம்மையா இது என்று கேட்டவர்களிடம் திருஞானம் சார் ஏதோ தானே செய்ததுபோல விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாராட்டும் எனக்கு அடி வாங்குகிற மாதிரி இருந்தது.

இவர் காலையிலேயே டீச்சர் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போய்விட்டார். போகச் சொன்னதே நான்தான்.

சாயங்காலம் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். வாசலில் நின்று, "என்ர சம்சாரம் கட்டுன ஸ்டேஷனு எந்தப் பக்கமுங்க?" என்று யாரையோ கேட்பது என் காதில் விழுந்தது. வருடக்கணக்கில் அடுத்த அறையில் நான் கட்டிய ஸ்டேஷன். கட்டி முடித்தபின் ஒரு தடவைகூட இவரைக் கூப்பிட்டு நான் காட்டவில்லை, எப்படியும் பக்கத்து மேஜைதானே என்று.

என் மேஜைக்கு வந்தார். கயிற்றுக்கு மேலே குனிந்தார். மூக்கு சிக்னல் கம்பத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மெதுவாக ஒரு விரலை நீட்டினார்.

"அவிநாசியப்பன் சார், கை வைக்கக் கூடாது" என்றார் திருஞானம். கயிற்றில் தொங்கும் பலகையைக் காட்டினார். "தொடாதீர்கள்னு உங்க மேடம் கையெழுத்துலயே போட்டிருக்கு பாருங்க. அவங்க ரூல் அவங்க வீட்டுக்காரருக்கே இல்லையா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். இவரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார்.

கோபம் என் உச்சந்தலைக்கு ஏறியது. அவர் கண்ணுக்குத் தெரியாததையா காட்டுகிறீர்கள் என்று வாய் வரை வந்தது. அந்த ஆளைச் சொல்லி என்ன, பலகை என்னுடையது. கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டேன். இவர் மணிக்கட்டைப் பிடித்து மேஜைமேல் வைத்தேன்.

"தொட்டுப் பாருங்க."

"ஒடஞ்சு போயிருமே அம்மிணி."

"ஒடையட்டுமுங்க."

"மேடம், என்ன பண்றீங்க" என்றார் திருஞானம்.

"எங்க வீட்டுக்காரருக்கு எங்க ஊரு ஸ்டேஷனைக் காட்டறேன். அவருக்குக் கண்ணு தெரியாது. யாருக்கும் தெரியாம இருக்கட்டும்னு இத்தனை நாளா மூடி வெச்சிருந்தேன். உங்க தண்டவாளம் மூணு மில்லி ஒல்லின்னு தெரிஞ்சும் மூடி வெச்சிருந்தேன். இனி எதையும் மூடி வெக்கறதா இல்ல."

டீச்சர் வழிவிட்டு நகர்ந்து நின்றார்.

இவர் விரல்கள் பிளாட்பாரத்தில் ஏறின. சிக்னலின் கை முறிந்தது. விளக்குக் கம்பம் சாய்ந்தது. சுண்டுவிரல் பட்டுத் தண்ணீர்த் தொட்டி காலோடு பெயர்ந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், பொய் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் வலித்தது. முறிந்தது வலித்ததைவிட வேறொன்று அதிகம் வலித்தது. எவ்வளவு மெதுவாகத் தடவியும் இவர் முகத்தில் ஒன்றும் மலரவில்லை.

"ஏதோ முறிஞ்சுது" என்றார்.

"பரவாயில்லீங்க. இதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம். இங்க உள்ள ஒரு காலண்டர்கூட இருக்குது."

விரல் நுனியை அங்கே வைத்தார். அறையை முழுசாக மூடிவிட்டது அந்த நுனி.

கொஞ்ச நேரம் முயன்றார். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எல்லாம் முள்ளாட்டக் குத்துது அம்மிணி. எது கதவு, எது ஜன்னலுன்னு தெரியமாட்டேங்குது. நீ நல்லாத்தான் கட்டியிருப்பே" என்றார்.

ஜனவரி 17

இரண்டாம் நாள் கண்காட்சிக்குப் போகவில்லை. செயலாளர் பதவி வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். திருஞானம் சார் ஒரு மாதம் யோசிக்கச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது?

சொட்டு மருந்து மூன்று வேளை. இரவுச் சாப்பாட்டுக்கு அகலமான டம்ளர், விளிம்பு வைத்த தட்டு. ரசம் எந்தப் பக்கம், பொரியல் எந்தப் பக்கம் என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 19

எண்பத்தேழில் ஒன்று. எந்த மகராசன் வைத்த கணக்கு இது? என் பாதைக்கு அரை மில்லிமீட்டர் பொருந்தவில்லை, திருஞானம் சாருக்கு மூன்று மில்லிமீட்டர் பொருந்தவில்லை, என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. இதைக் கட்டிக்கொண்டு பாதி ஆயுசு அழுதிருக்கிறேன்.

வரைபடத் தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தேன். இவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன்.

"கட்டைவிரலைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

தாள்மேல் வைத்தார். இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு இழுத்தேன். "இது கதவு. இந்த விரலு உள்ள நுழையோணும். அப்பத்தான் கதவுன்னு தெரியும். இதை வெச்சு மத்ததெல்லாம் கணக்குப் போடப்போறேன். பிளாட்பாரம் உங்க உள்ளங்கை அகலம் வரும். சிக்னலு இரும்புக் கம்பியில பண்றேன், முறியாது."

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்படிப் பாத்தா ஸ்டேஷனு இந்த ரூமுக்குள்ள அடங்காதே."

"ஹாலையும் எடுத்துக்கலாமுங்க."

"எந்த அளவுன்னு கேட்டா என்ன சொல்லுவே? கழகத்துல ஒத்துக்கமாட்டாங்க."

"கழகமாவது மண்ணாங்கட்டியாவது."

சிரித்தார். மனசாரச் சிரித்தது பதினைந்து நாளில் இதுதான் முதல் தடவை. உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பச்சைக்கு இது ஈடுன்னு நெனச்சுக்காதே அம்மிணி" என்றார்.

"நெனைக்கலீங்க."

நிஜமாகவே நினைக்கவில்லை. அது இவர் மனதில் ஒரு குழியாக இருக்கும், அதைப் பட்டி வைத்து அடைக்க எனக்கு உரிமையில்லை.

மத்தியானம் வரை வரைந்தேன். இவர் எதிரிலேயே உட்கார்ந்து, நான் கேட்கும்போதெல்லாம் கையை நீட்டினார். பெஞ்சுக்கு நடுவிரல் நீளம். படிக்கு ஒரு கணு உயரம், எல்லாப் படியும் ஒரே உயரம். வரைபடம் முடிந்தால் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போட்டு அளவை எழுத வேண்டும், அது கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்டது. எண் எதுவும் போடவில்லை. அளவு: இவர் கை என்று எழுதினேன்.